எலானோ ஏறிய படிகள்

பிரேசில் கால்பந்து என்றால் நம் பக்கத்தில் நாலைந்து பெயர்கள்தான் புழங்கும். பெலே, ரொனால்டோ, ரொனால்டினோ, காகா, நெய்மர். உலகக் கோப்பை நடக்கும் வருஷம் நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம், பண்ருட்டி என்று எந்த ஊர் டீக்கடையில் நின்றாலும் மஞ்சள் பனியன் போட்ட பையன்கள் இரண்டு பேராவது கண்ணில் படுவார்கள். முதுகில் பத்தாம் நம்பர் இருக்கும். நான் இன்றைக்கு எழுதப்போவது ஏழாம் நம்பரைப் பற்றி. 2010 உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக ஏழாம் நம்பர் போட்டு ஆடிய எலானோ ப்ளூமர் பற்றி.

சென்னையின் எஃப்.சி. அணியை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த அறிமுகமே தேவையில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உக்ரைன், இங்கிலாந்து, துருக்கி என்று மூன்று நாட்டு லீக்குகளில் ஆடியவர். பிரேசிலுக்காக 50 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னைக்கு வந்து, அந்த முதல் சீசனிலேயே அதிக கோல் போட்டவர்.

உலகத்தின் தலைசிறந்த பத்துப் பேரில் அவரை யாரும் சேர்த்ததில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். பெலேயும் நெய்மரும் எங்கே பிறந்திருந்தாலும் மேலே வந்திருப்பார்கள் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். எலானோ விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. திறமை உள்ள, உழைக்கத் தயங்காத ஒரு சின்ன ஊர்ப் பையன் அவர். அந்தப் பையன் உலகக் கோப்பையில் கோல் போடும் இடத்துக்கு வந்தான் என்றால், அவன் கால் வைத்து ஏற வரிசையாகப் படிகள் இருந்தன என்று அர்த்தம். அந்தப் படிகள் என்னென்ன, அவற்றில் எது நம் கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது, எது இல்லை என்பதுதான் இந்தப் பதிவு.

கரும்பு ஊர்ப் பையன்

எலானோ 1981 ஜூன் 14 அன்று பிறந்தார். ஊர் பெயர் இரசெமாபொலிஸ். சாவோ பாலோ மாநிலத்தின் உட்பகுதியில் இருக்கிறது. மக்கள்தொகை இருபதாயிரத்துச் சொச்சம். ஊரைச் சுற்றிக் கரும்பு. ஊருக்கென்று ஒரு பெரிய சர்க்கரை ஆலை. உலகத்திலேயே அதிகமாகக் கரும்பு விளைவிக்கும் நாடு பிரேசில்; அதிலும் சாவோ பாலோ மாநிலத்துக்குத்தான் முதல் இடம்.

இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். 1842-இல் தொடங்கிய பாரி சர்க்கரை ஆலை நெல்லிக்குப்பத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டரும் லாரியும் மேல்பட்டாம்பாக்கம் வழியாக வரிசை கட்டிப் போகும். ரோட்டில் விழுந்த கரும்பைப் பொறுக்கிக் கடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் இந்தப் பக்கம் குறைவு. வெட்டுக் கூலி, டன் விலை, ஆலை எப்போது திறக்கும் என்ற பேச்சு எல்லாம் இரண்டு ஊருக்கும் பொது.

வித்தியாசம் கால்பந்தில் இருக்கிறது. இரசெமாபொலிஸுக்குப் பக்கத்து ஊர் லிமெய்ரா. அங்கே இன்டர் டி லிமெய்ரா என்று ஒரு கிளப். 1986-இல், எலானோவுக்கு ஐந்து வயது இருக்கும்போது, அந்தக் கிளப் சாவோ பாலோ நகரத்தின் பெரிய கிளப்பான பால்மெய்ராஸை இறுதி ஆட்டத்தில் வென்று மாநில சாம்பியன் ஆனது. 1902 முதல் நடக்கும் அந்தப் போட்டியில் பெருநகரத்துக்கும் சான்டோஸ் துறைமுகத்துக்கும் வெளியே உள்ள ஒரு கிளப் கோப்பையைத் தூக்கியது அதுவே முதல் தடவை. இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போனால் கம்பினாஸ் நகரம். அங்கே குவாரனி கிளப். அது 1978-இல் பிரேசில் தேசிய சாம்பியனாகவே ஆன கிளப்.

யோசித்துப் பாருங்கள். கரும்புக்காட்டு நடுவில் பிறந்த ஒரு பையனுக்கு, பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் நாட்டையே வென்ற ஒரு கிளப்பும் மாநிலத்தை வென்ற ஒரு கிளப்பும் இருக்கின்றன. இரண்டிலும் சம்பளத்துக்குப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், வயதுவாரியாக அணிகள் இருக்கின்றன, வாராவாரம் ஆட்டம் நடக்கிறது. எலானோ ஆரம்பத்தில் ஆடியது இந்த இரண்டு கிளப்புகளில்தான். அதற்குப் பிறகுதான் சான்டோஸ்.

சான்டோஸில் வந்த வாய்ப்பு

சான்டோஸ் பெலேயின் கிளப். ஆனால் எலானோ அங்கே சேர்ந்த 2001 வாக்கில் கிளப்பின் கையில் காசு இல்லை. பெரிய ஆட்டக்காரர்களை விலை கொடுத்து வாங்க முடியாத நிலையில், பயிற்சியாளர் எமர்சன் லியாவோ இளம் பையன்களை நம்பி அணி கட்டினார். ரொபினோ, டியேகோ, எலானோ, அலெக்ஸ், ரெனாடோ, லியோ.

2002 தேசியப் போட்டியில் இந்த அணி எட்டாவது இடத்தில் தொற்றிக்கொண்டுதான் அடுத்த சுற்றுக்கே வந்தது. வந்தபின் யாராலும் நிறுத்த முடியவில்லை. இறுதியில் கொரிந்தியன்ஸ். முதல் ஆட்டத்தை 2-0 என்று சான்டோஸ் வென்றிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் ரொபினோ பந்தின் மேல் காலை மாற்றி மாற்றிச் சுழற்றி, எதிரில் நின்றவரைப் பின்னாலேயே நடக்கவைத்து, பெனால்டி வாங்கி, அதைக் கோலும் ஆக்கினார். அந்தக் காட்சி யூடியூபில் இன்றும் ஓடுகிறது. அதை மட்டுமே பார்ப்பவர்களுக்கு மீதிக் கதை தெரியாது. கொரிந்தியன்ஸ் திருப்பி அடித்து 2-1 என்று முன்னிலை பெற்றது. இன்னும் ஒரு கோல் வாங்கினால் மொத்தக் கணக்கு சமம் என்ற நெருக்கடி. அந்த நேரத்தில், ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது 2-2 ஆக்கியவர் எலானோ. பிறகு லியோ ஒன்று போட்டு 3-2.

அவருடைய வாழ்க்கை முழுக்க இப்படித்தான். கண்ணைப் பறிக்கும் காட்சி ரொபினோவுடையதாக இருக்கும். ஆட்டத்தைக் காப்பாற்றிய கோல் எலானோவுடையதாக இருக்கும். 2004-இலும் சான்டோஸ் தேசிய சாம்பியன் ஆனது. அதன் பிறகு ஐரோப்பா கூப்பிட்டது.

டொனெட்ஸ்க், மான்செஸ்டர், இஸ்தான்புல்

ஐரோப்பா என்றதும் நமக்கு மாட்ரிட்டும் மிலானும் நினைவுக்கு வரும். எலானோ போனது உக்ரைனின் டொனெட்ஸ்க்குக்கு. நிலக்கரிச் சுரங்க நகரம். அங்கே ஷாக்தார் கிளப்பில் ருமேனியப் பயிற்சியாளர் மிர்ச்சா லூசெஸ்கு ஒரு திட்டம் வைத்திருந்தார். தடுப்பில் உக்ரைன்காரர்கள், முன்னால் பிரேசில் இளைஞர்கள். லூசெஸ்குவுக்குப் போர்த்துக்கீசு பேசவும் வரும். மத்துசலேம், பிரண்டாவோ, ஃபெர்னாண்டினோ, ஜாட்சன் என்று ஒரு பிரேசில் தெருவையே அந்தப் பனி நகரத்தில் கொண்டுவந்து வைத்தார்.

நாடு விட்டுப் போய் வேலை செய்த நம் பிள்ளைகளுக்கு இது புரியும். தனியாகப் போவது ஒன்று, நம் பாஷை பேச நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போவது இன்னொன்று. பிரேசில் ஆட்டக்காரர்கள் இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேல் வெளிநாட்டில் ஆடுகிறார்கள். அதில் பலருக்கு முதல் விலாசம் போர்த்துகல், உக்ரைன், ஜப்பான் என்று இப்படி ஓர் இடம்தான். அங்கே குளிரையும் சாப்பாட்டையும் தனிமையையும் தாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வருஷம் நின்றால்தான் அடுத்த கதவு திறக்கும்.

எலானோவுக்கு அந்தக் கதவு தேசிய அணி வழியாகத் திறந்தது. 2006-இல் துங்கா பிரேசில் பயிற்சியாளராக வந்தார். பகட்டாக ஆடுபவரைவிடச் சொன்ன வேலையைச் செய்பவர் வேண்டும் என்பது அவர் கொள்கை. 2006 செப்டம்பர் 3 அன்று லண்டன் எமிரேட்ஸ் மைதானத்தில் அர்ஜென்டினாவுடன் நட்பு ஆட்டம். பிரேசில் 3-0. எலானோ இரண்டு, காகா ஒன்று. டொனெட்ஸ்க்கில் ஆடும் ஒருவர் லண்டன் நடுவில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டால் இங்கிலாந்து கிளப்புகள் சும்மா இருக்குமா? 2007-இல் கோப்பா அமெரிக்காவை வென்ற அணியிலும் இருந்தார். அதே கோடையில், ஸ்வென் யோரான் எரிக்சன் பயிற்சியாளராக இருந்த மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. தொகை சுமார் 80 லட்சம் பவுண்டு என்று அன்றைக்குச் செய்தி வந்தது. இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்றைய சிட்டி வேறு, அன்றைய சிட்டி வேறு. அபுதாபிப் பணம் வருவதற்கு முந்தைய வருஷம் அது. அந்த செப்டம்பரில் நியூகாசிலுக்கு எதிராக எலானோ அடித்த ஃப்ரீ கிக்கை சிட்டியின் பழைய ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. சுவருக்கு மேலே ஏறி, கோல் போஸ்டின் மேல்மூலையில் போய் இறங்கியது பந்து.

2008 செப்டம்பரில் கிளப் கைமாறியது. பணம் கொட்டியது. சான்டோஸ் தோழர் ரொபினோ 3 கோடி பவுண்டுக்கும் அதிகமான விலைக்கு அதே கிளப்புக்கு வந்தார். புதுப் பயிற்சியாளர் மார்க் ஹியூஸிடம் எலானோவுக்கு இடம் குறைந்தது. 2009-இல் துருக்கியின் கலாடசராய்க்குப் போனார். அதை வீழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். இருபத்தெட்டு வயதில், நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, முதலாளி மாறினால் உன் வேலை மாறும் என்பது இந்தத் தொழிலின் விதி. எலானோ அதை ஏற்றுக்கொண்டு தேசிய அணியில் தன் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். 2009 கான்ஃபெடரேஷன் கோப்பையை வென்ற அணியிலும் அவர் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் ஆறு நாள்

2010 ஜூன் 15, ஜோகன்னஸ்பர்க். பிரேசிலின் முதல் ஆட்டம், வட கொரியாவுக்கு எதிராக. மைக்கோன் ஒரு கோல் போட்டுவிட்டார். எழுபது நிமிஷம் தாண்டியதும் ரொபினோ இடப்பக்கத்திலிருந்து உள்ளே வந்து, தடுப்பாளர்கள் நடுவே ஒரு பந்தைக் குறுக்காகச் செருகினார். பந்து காலை விட்டுக் கிளம்பும் முன்பே வலப்பக்கத்திலிருந்து எலானோ ஓடத் தொடங்கிவிட்டார். வந்த பந்தை நிறுத்தவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. வலது காலின் உள்பக்கத்தால் கோல்கீப்பரைத் தாண்டி எதிர் மூலைக்குத் தள்ளினார், அவ்வளவுதான். சான்டோஸில் எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு பையன்கள் பழகிய பாஸ் அது. உலகக் கோப்பையில் வந்து பலித்தது.

ஜூன் 20, ஐவரி கோஸ்ட்டுடன் இரண்டாவது ஆட்டம். காகா இடப்பக்கத்திலிருந்து கொடுத்ததை எலானோ மறுபடி கோல் ஆக்கினார். இரண்டு ஆட்டம், இரண்டு கோல். சில நிமிஷங்களில் ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் டியோட்டே காலின் மேல் வந்து விழ, எலானோவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவருடைய உலகக் கோப்பை அங்கேயே முடிந்தது. பிரேசில் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2 என்று தோற்றபோது அவர் வெளியே இருந்து பார்த்தார். இருபத்தொன்பது வயதில் வந்த வாய்ப்பு. அடுத்தது வரவில்லை.

அதன் பிறகு சான்டோஸுக்குத் திரும்பினார். 2011-இல், நெய்மரும் கன்சோவும் இருந்த அணியில், சான்டோஸ் 48 வருஷத்துக்குப் பிறகு தென் அமெரிக்கக் கிளப் கோப்பையான லிபர்டடோரஸை வென்றது. அதே வருஷம் கோப்பா அமெரிக்காவில் பராகுவேயிடம் பெனால்டியில் பிரேசில் தோற்றது. நான்கு பேர் அடித்து நான்கும் போகவில்லை. முதலில் அடித்தது எலானோ. ஒரே வருஷத்தில் இரண்டும்.

தீபாவளிக்கு முதல் நாள்

2014 அக்டோபர் 15, கோவா. சென்னையின் எஃப்.சி.யின் முதல் ஆட்டம். 2-1 வெற்றி, அதில் ஒரு கோல் எலானோவின் ஃப்ரீ கிக். அடுத்த வாரம், அக்டோபர் 21, சென்னை நேரு ஸ்டேடியத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ். மறுநாள் தீபாவளி. கோயம்பேட்டில் ஊருக்குப் போகும் கூட்டம் அலைமோதிக்கொண்டிருக்க, நான் எதிர்த்திசையில் ஊரிலிருந்து வந்து இறங்கி ஆட்டம் பார்க்கப் போனேன்.

எலானோ பெனால்டியில் கோல் போட்டார். எனக்கு அதைவிட மனதில் நின்றது அவர் சக ஆட்டக்காரர்களிடம் நடந்துகொண்ட விதம். கார்னர் எடுக்கும் முன் பந்தைக் கீழே வைத்துவிட்டு, யார் எந்த இடத்துக்கு ஓடவேண்டும் என்று கையால் காட்டுவார். ஓடாமல் நின்றவரைப் பார்த்து இரண்டு கையையும் விரிப்பார். பந்து வந்த அடுத்த நொடியே விட்டுவிடுவார், வைத்துக்கொண்டிருக்க மாட்டார். உலகக் கோப்பை ஆடியவர் ஒருவர் நம் பையன்களோடு நின்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததைக் கண் எதிரே பார்த்தேன். கடைசியில் பெர்னார்ட் மெண்டி காற்றில் படுத்து அடித்த கோலில் சென்னை 2-1 என்று வென்றது.

அந்த சீசனில் எலானோவுக்கு 8 கோல். காயத்தால் சில ஆட்டங்கள் ஆடாமலேயே அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி அவருக்கு. அடுத்த வருஷம், 2015, வெள்ள வருஷம். நம் மாவட்டத்தில் பெரியகாட்டுப்பாளையத்தில் ஆள்களையே அடித்துக்கொண்டு போன நவம்பர். சென்னை மூழ்கிய டிசம்பர். சென்னையின் சொந்த மைதானத்தில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்று, டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதியில் 90-ஆவது நிமிஷம் வரை 1-2 என்று பின்தங்கி, கடைசியில் இரண்டு கோல் வந்து 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. மார்க்கோ மெட்டராசி பயிற்சியாளர். எலானோவும் அந்த அணியில்.

பிரேசிலுக்கும் சென்னைக்கும் உள்ள கணக்கு அதோடு முடியவில்லை. 2018 மார்ச் 17, பெங்களூரில் இரண்டாவது கோப்பை. அந்த இறுதியில் சென்னை போட்ட மூன்று கோலும் பிரேசில்காரர்களுடையவை. மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகுஸ்தோ ஒன்று. அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் ஆடினார்.

எலானோ 2016-இல் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளர் ஆனார். பிறகு அவர் பொறுப்பேற்ற அணிகளில் ஒன்று இன்டர் டி லிமெய்ரா. பக்கத்து ஊர்க் கிளப். தன்னை ஏற்றிவிட்ட படியில் அடுத்தவர்களை ஏற்றிவிட அவரே போய் நின்றார்.

80 லட்சம் பவுண்டில் ஊர்க் கிளப்புக்கு என்ன வரும்?

மேலே நினைவில் வைக்கச் சொன்ன தொகைக்கு வருகிறேன். உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிகளில் ஒன்றை நம் ஊரில் கால்பந்து நடத்தும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடியும் முன் ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு விலைபோனால், அந்த விலையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் கால் சதவீதம். 16 முதல் 23 வரை ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை சதவீதம்.

80 லட்சம் பவுண்டில் அரை சதவீதம் என்றால் 40 ஆயிரம் பவுண்டு. பதினேழு வயதுப் பையனை ஒரு வருஷம் வைத்துப் பயிற்சி கொடுத்த ஒரு சின்ன ஊர்க் கிளப்புக்கு, பத்து வருஷம் கழித்து அவன் கைமாறும்போது அந்தத் தொகை சேரவேண்டும் என்பது விதி. ஒரு முறை மட்டும் அல்ல, ஒவ்வொரு முறை விலைபோகும்போதும். அந்தப் பணத்தில் புல் போடலாம், பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம், அடுத்த பையனுக்கு ஷூ வாங்கலாம்.

பிரேசிலின் சின்ன ஊர்க் கிளப்புகள் வெறும் ஆர்வத்தால் மட்டும் ஓடவில்லை. வளர்த்துவிட்டால் வரும் என்ற கணக்கும் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் இந்தப் பங்கு கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பிள்ளை எந்த வருஷம் எந்தக் கிளப்பில் இருந்தது என்பதற்குச் சங்கத்தில் முறையான பதிவு இருக்கவேண்டும். பதிவு இல்லாவிட்டால் வளர்த்தவருக்கு ஒரு காசு வராது.

நம் கடலூரில் இருக்கும் முதல் படி

இனி நம் ஊருக்கு வருவோம். கடலூரில் படியே இல்லை என்று சொன்னால் அது பொய். இருக்கிறது. அதைக் கட்டியது ஒரு பயிற்சியாளர். ஏறியவர்கள் பெண் பிள்ளைகள்.

கடலூர் அண்ணா ஸ்டேடியத்தில் பயிற்சியாளர் மாரியப்பன் வளர்த்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி பற்றிச் சொல்கிறேன். மீனவக் குடும்பம், கூலிக் குடும்பம், அரசு விடுதி என்று வந்த பெண் பிள்ளைகள் அங்கே ஆடக் கற்றார்கள். 2017-18 இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்று ஷில்லாங்கில் நடந்தபோது, நாட்டின் ஏழு அணிகளில் ஒன்றாக இந்த அகாடமி நின்றது. பெரிய முதலாளி கிடையாது, சொந்த மைதானம் கிடையாது. இரசெமாபொலிஸ் பையனுக்கு இன்டர் டி லிமெய்ரா செய்ததை இந்த அகாடமி நம் பிள்ளைகளுக்குச் செய்தது.

அப்படி வந்தவர் இந்துமதி கதிரேசன். 1994-இல் பிறந்தவர், கடலூர்ப் பெண். எலானோவைப் போலவே நடுக்கள ஆட்டக்காரர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் தடவையாக தேசிய மகளிர் சாம்பியன் ஆனபோது அந்த அணியில் இருந்தார். பல வருஷமாக மணிப்பூரின் கோட்டையாக இருந்த போட்டி அது. 2019-இல் நேபாளத்தில் தெற்காசியக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். 2020 ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் சீருடையோடு பணி செய்துகொண்டிருந்தவர் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சந்தியா ரங்கநாதனும் கடலூர் மாவட்டத்துப் பெண்தான். அரசு விடுதியில் தங்கிப் படிக்கும்போது மூத்த பெண்கள் பந்து ஆடுவதைப் பார்த்து ஆட வந்தவர். முன்களத்தில் இந்தியாவுக்காக ஆடுகிறார்.

ஒரு நாள் காலையில் அண்ணா ஸ்டேடியம் பக்கம் போனால் நின்று பாருங்கள். ஒரு பெண் பந்தைத் தட்டிவிட்டு ஓடுவாள், இன்னொருத்தி ஒரே தொடுதலில் அவள் ஓடும் இடத்துக்கு முன்னால் திருப்பிக் கொடுப்பாள். நூறு தடவை. பிசகினால் மறுபடி முதலிலிருந்து. வடகொரியாவுக்கு எதிராக ரொபினோ கொடுத்து எலானோ ஓடியது இதே பயிற்சியின் நீட்சிதான். கற்றுக்கொடுக்கும் முறையில் கடலூருக்கும் சாவோ பாலோவுக்கும் பெரிய தூரம் கிடையாது.

தூரம் அடுத்த படியில் வருகிறது. 2021 நவம்பரில் இந்திய மகளிர் அணி பிரேசிலின் மனாஸ் நகரத்தில் பிரேசிலோடு ஆடியது. 1-6 தோல்வி. ஆனால் அந்த ஒரு கோலைப் போட்ட பஞ்சாபின் மனிஷா கல்யாண் அடுத்த வருஷமே சைப்ரஸின் அப்போலோன் கிளப்பில் சேர்ந்து, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். ஒரு கதவு திறந்திருக்கிறது என்று காட்டிவிட்டார். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு இரண்டாவது தடவை தேசிய சாம்பியன் ஆனது. இவ்வளவு இருந்தும் கடலூரில் அகாடமியை விட்டு வெளியே வரும் பெண்ணுக்கு, பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் கிளப் இல்லை. காவல்துறை வேலை, ரயில்வே வேலை என்று பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் ஆடுகிறார்கள். வேலை கிடைப்பது நல்லது, குடும்பம் நிமிர்கிறது. ஆனால் எலானோ இருபது வயதில் காலையும் மாலையும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். நம் பெண் டியூட்டி முடித்துவிட்டு வந்து பந்தைத் தொடவேண்டியிருக்கிறது.

ஆண் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தில் முதல் படியே சரியாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பள்ளி அணி, பொங்கல் விளையாட்டுப் போட்டி, அதோடு முடிந்துவிடுகிறது.

செய்யக்கூடியவை

பிரேசில் மண்ணில் ஏதோ இருக்கிறது, அவர்கள் ரத்தத்திலேயே பந்து ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பதை நாம் நிறுத்தவேண்டும். எலானோவின் வாழ்க்கையைப் படித்த எவரும் அதைச் சொல்லமாட்டார்கள். அங்கே கரும்புக்காட்டுக்குப் பக்கத்தில் கிளப் இருந்தது, பயிற்சியாளருக்குச் சம்பளம் இருந்தது, வாராவாரம் ஆட்டம் இருந்தது, வளர்த்தவருக்குப் பங்கு இருந்தது. இந்த நான்கில் எதுவும் மந்திரம் கிடையாது.

மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, கடலூர், சிதம்பரம் வரை இதைப் படிக்கும் உறவுகளிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, உங்கள் வீட்டில் பந்தைத் துரத்தும் பெண் பிள்ளை இருந்தால், வயதுக்கு வந்துவிட்டாள் என்று நிறுத்திவிடாமல், கடலூர் ஸ்டேடியத்துக்கு ஒரு தடவை அழைத்துப் போங்கள். இரண்டு, ஊரில் அணி நடத்துபவர்கள் பன்னிரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளை மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் மூலம் முறையாகப் பதிவு செய்யுங்கள். பிறந்த தேதி, அணி, வருஷம் மூன்றும் காகிதத்தில் இருக்கட்டும். மூன்று, பொங்கலுக்கு ஒரு நாள் போட்டி நடத்திக் கோப்பை கொடுக்கும் இளைஞர் மன்றங்கள், அதே பணத்தில் ஆறு ஊர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை லீக் ஒன்று நடத்துங்கள். ஒரு நாளில் நாலு ஆட்டம் ஆடும் பிள்ளையைவிட, பத்து வாரம் வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடும் பிள்ளைதான் ஆட்டக்காரன் ஆவான்.

யாராவது லீக் தொடங்கினால் எனக்குச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோடு போடச் சுண்ணாம்பு மூட்டையோடு நான் வந்துவிடுகிறேன்.